சிணுங்கி நெல்

செங்கானூர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. உலகம்மாளுக்குப் பெரிய தலைவலியே அதுதான். கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், மனு கொடுத்திருக்கலாம், நாலு பெரிய மனிதர்களைக் கூட்டி வைத்துப் பேசியிருக்கலாம். ஈர மனசுக்காரர்களை என்ன செய்வது?

அன்று காலை அவள் செங்கானூர் வயல் வரப்பில் இறங்கியபோது, ஆவுடைத்தங்கம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் வரும் வாமடையை மண்வெட்டியால் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் சளசளவென்று உள்ளே பாய்ந்தது.

"யக்கா, என்ன செய்யுதிய?"

"பாத்தா தெரியலையா டாக்டரம்மா? பிள்ளை கேக்கு, கொடுக்கேன்."

பிள்ளை என்று அவள் சொன்னது நெல்லை. உலகம்மாள் குனிந்து ஒரு தாளைப் பிடித்துப் பார்த்தாள். இலை முழுக்கப் பச்சை. நுனியில் மட்டும், வெற்றிலை போட்ட உதடு மாதிரி, லேசாகச் சிவப்பு.

"நுனிதானே சிவந்திருக்கு. கழுத்து வரைக்கும் சிவக்கட்டும்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"சொன்னிய. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அது வாயத் தொறந்து கேட்ட பொறவு, தண்ணிய வச்சிக்கிட்டு நான் எப்படிச் சும்மா நிக்க?"

உலகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எல்லா வயலிலும் வாமடை திறந்து கிடந்தது.

அவள் நெல் ஆய்வு நிலையத்தில் பயிர்ப்பெருக்க விஞ்ஞானி. இந்த நெல் அவளுடைய பத்துப் பதினோரு வருஷத்து உழைப்பு. சாதாரண நெல் தாகம் எடுத்தால் வெளியே சொல்லாது. இலை சுருளும்போதுதான் தெரியும், அதற்குள் பாதிக் காரியம் கெட்டிருக்கும். அந்தப் பயத்தில்தான் ஊர் உலகமெல்லாம் நெல் வயலில் எந்நேரமும் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தது. உலகம்மாள் நெல்லின் மரபணு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்தக் குணம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடினாள். மானாவாரி நெல் ஒன்றிலிருந்து ஆழமாக இறங்கும் வேரை எடுத்தாள். கருஞ்சிவப்பு இலை கொண்ட இன்னொரு நெல்லிலிருந்து அந்தச் சாயத்தை எடுத்தாள். இரண்டையும் கலந்து, மண் காயத் தொடங்கினால் இலை நுனி சிவக்கும்படி ஒரு நெல்லைக் கொண்டு வந்தாள். காயக் காயச் சிவப்பு கீழே இறங்கும். இலை தண்டோடு சேரும் கழுத்துக்கு அது வந்து சேர்ந்தால்தான் தண்ணீர் விட வேண்டும். அதுவரை வேர் ஆழத்தில் தேடித் தானே குடித்துக்கொள்ளும். ஆய்வு நிலையத்து வயலில் பாதித் தண்ணீர் மிச்சமானது. விளைச்சல் ஒரு மணி குறையவில்லை.

செங்கானூரில் அதற்கு முதல் வாரமே பெயர் வைத்துவிட்டார்கள், சிணுங்கி என்று. நுனி சிவந்தால் 'சிணுங்கி கேக்கு' என்பார்கள். கேட்ட மாத்திரத்தில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பக்கத்து வயல்காரர் ஊரில் இல்லையென்றால் அவருடைய பயிருக்கும் சேர்த்துத் திறந்துவிடுவார்கள். முன்பாவது யாருடைய வயல் காய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது, அவரவர் சோம்பலுக்கு ஒரு மறைவு இருந்தது. இப்போது பயிரைச் சிவக்க விட்டவன் ஊர் முன்னால் கல்நெஞ்சக்காரன் ஆனான். வாய்க்காலில் பதித்திருந்த அளவுக் கருவியைப் பார்த்தபோது உலகம்மாளுக்குத் தலை சுற்றியது. பழைய நெல் குடித்ததைவிட இந்த ஊர் இப்போது அதிகமாகக் குடித்திருந்தது.

உலகம்மாளுக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது. அவள் அதை யாரிடமும் மறைத்ததில்லை.

கொம்புக்கால் என்ற அந்த வாய்க்காலுக்குத் தலைமடை செங்கானூர் என்றால் கடைமடை தருவைப்பட்டி, அவள் பிறந்த ஊர். அதற்குக் கீழே செம்மண் தேரிக்காடுதான், பயிர் கிடையாது. அந்த வாய்க்காலுக்கு ஒரு முறை உண்டு. செங்கானூர் வயல்கள் நிறைந்ததும், மஞ்சள் பூசிய தென்னங்குருத்து ஒன்றை முடிச்சிட்டு வாய்க்காலில் மிதக்க விடுவார்கள். எங்களுக்குப் போதும், இனி உங்களுக்கு என்று அர்த்தம். குருத்து மிதந்து வந்து தருவைப்பட்டி மடையில் ஒதுங்கினால்தான் அங்கே பலகையைத் தூக்குவார்கள். எந்த அரசாங்கத்து ஆணையும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த முறை. மழை குறைந்து, ஆற்றில் விடும் தண்ணீரும் குறைந்த பிறகு, செங்கானூருக்குப் போதும் என்று ஆகவே இல்லை. குருத்து வந்து பல வருஷமாகிவிட்டது. தருவைப்பட்டியில் வளரும் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று உண்டு என்பதே தெரியாது.

அண்ணன் சிவனணைந்தான் அங்கேதான் இருந்தான். வயலைத் தரிசாகப் போட்டுவிட்டு, தூத்துக்குடியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். சூரியத்தகடு கம்பெனிக்காரர்கள் ஊரில் பாதி நிலத்தை ஏற்கெனவே வாங்கிக் கறுப்புத் தகடுகளால் மூடியிருந்தார்கள். மிச்சத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தகடு நட்டா தண்ணி வேண்டாம், உரம் வேண்டாம், களை எடுக்க வேண்டாம்" என்றான் அண்ணன் அன்று சாயங்காலம் போனில். "உன் நெல்லு என்னட்டி ஆச்சு? தண்ணி வருமா வராதா?"

"வரும்ணே. கொஞ்சம் பொறு."

"பொறுக்கதுதான் என் தொழிலே. உன் நெல்லு செங்கானூர்க்காரனுக்குச் செல்லப்பிள்ளையாப் போச்சுன்னு கேள்விப்பட்டேன். மதினிகிட்ட கொடுக்கேன், பேசு."

மதினி முப்பிடாதி சுருக்கமாகப் பேசுகிறவள். "உலகு, உங்க அண்ணன் கையெழுத்துப் போட மாட்டாவ, நான் பாத்துக்கிடுதேன். ஆனா ரொம்ப நாளைக்கு என்னாலயும் தடுக்க முடியாது. ஆசை காட்டாம உள்ளதச் சொல்லு, நடக்குமா?"

"நடக்கும் மதினி" என்றாள் உலகம்மாள். சொல்லிவிட்டாளே ஒழிய, அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆய்வு நிலையத்தில் அவளோடு வேலை பார்த்த ஜெபமணி, மரபணு வரைபடத்தைக் கணினியில் படிக்கிற ஆள். எதற்கும் பதறாதவர். பதறுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் வேறு உண்டு.

"சாயத்த எடுத்திருவோம் மேடம். ஊமை நெல்லாக் கொடுத்திரலாம்" என்றார். "வேர் அதே வேர்தான். குறைச்சலாத் தண்ணி விடுங்கன்னு சொல்லிட்டு வந்திருவோம்."

"ஊமை நெல்லுக்குப் பயந்துபோய் தண்ணியக் கட்டி வைப்பாங்க. அதுக்காகத்தானே இதப் பேச வச்சோம்."

"அப்போ சிவப்பத் தாமதமா வர வைப்போம். நுனி சிவக்கும்போதே நிஜமாத் தாகம் எடுத்திருக்கணும்."

"ஒரு நாள் அசந்தா பயிர் போயிரும் ஜெபமணி. வயக்காட்டுல அப்படி விளையாட முடியாது."

"அப்போ மனுஷனத்தான் திருத்தணும். அதுக்கு வரைபடம் எங்கிட்ட இல்ல."

உலகம்மாள் அதையும் முயன்று பார்த்தாள். செங்கானூர்ப் பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டிப் படம் போட்டுக் காட்டினாள். நுனி சிவந்தால் பயிருக்குத் துன்பம் இல்லை, முதல் தகவல்தான் என்று விளக்கினாள். தண்ணீர் மிஞ்சினால் தருவைப்பட்டிக்கு எப்படிப் போகும் என்றும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் எழுந்து, "கடைமடைக்காரனும் நம்ம ஆள்தான், அவனுக்கும் கொடுக்கணும்" என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். மறுநாள் விடிந்ததும் அவர்தான் முதல் ஆளாக வாமடையைத் திறந்தார். கேட்டதற்கு, "நேத்து பேசினது வாஸ்தவம்தான். ஆனா இன்னைக்கு அது என் மூஞ்சியப் பாத்துச் சிவக்குதே" என்றார். அவர் கண்ணில் பொய் இல்லை. உலகம்மாளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

விடை ஆவுடைத்தங்கத்தின் வீட்டில் இலை போட்டுச் சாப்பிடும்போது கிடைத்தது.

செங்கானூர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவளை விடாப்பிடியாக அழைத்திருந்தார்கள். கொடை முடிந்த மறுநாள் ஆவுடைத்தங்கம் வீட்டில் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால் மணக்க மணக்க, இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலுமாக இலை நிறைந்தது. உலகம்மாள் முதலில் 'கொஞ்சம் சோறு' என்று கேட்டதுதான் தப்பு. கேட்டுவிட்டாள் என்ற சந்தோஷத்தில் ஆவுடைத்தங்கம் கவிழ்த்துவிட்டாள்.

"போதும் யக்கா."

"என்ன போதும்? ஒரு கரண்டிதான் வச்சிருக்கேன்."

"நிஜமாவே போதும்."

"ஆய்வு நிலையத்துல அளந்து அளந்து தின்னு பழகிட்டிய. இங்கன அதெல்லாம் நடக்காது." இன்னொரு கரண்டி விழுந்தது. உலகம்மாள் இலைக்கு மேல் கையை விரித்தாள். கைக்கும் இலைக்கும் நடுவிலிருந்த சந்தில் சொதி இறங்கியது.

அவளுக்கு நிஜமாகவே முடியவில்லை. நெஞ்சு வரை நிறைந்திருந்தது. "யக்கா, மூச்சு முட்டுது" என்றாள்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. ஆவுடைத்தங்கத்தின் முகமே மாறிப்போயிற்று. "அய்யய்யோ, ஏளா யாரு அங்க, ஓமத்தண்ணி கொண்டா! ஃபேனத் திருப்பு! சொல்லக் கூடாதா டாக்டரம்மா, நான் ஒரு மூதேவி, பாக்காம வச்சுத் தள்ளிட்டேனே." இலையை அவளே எடுத்தாள். மிச்சத்தைத் தின்னச் சொல்லி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடே அவளைச் சுற்றி விசிறிக்கொண்டு நின்றது.

உலகம்மாள் ஓமத்தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பசிக்கிறது என்றால் கொட்டுகிறார்கள். போதும் என்றால் காதில் ஏறுவதில்லை. மூச்சு முட்டுகிறது என்றால் உடனே கையை எடுத்துவிடுகிறார்கள். மூன்றுக்கும் ஒரே மனசுதான் காரணம்.

"டாக்டரம்மா எதுக்குச் சிரிக்கிய? மூச்சு சரியாயிட்டா?" என்று ஆவுடைத்தங்கம் கவலையோடு கேட்டாள்.

"சரியாயிட்டுது யக்கா. ரொம்ப நல்லாச் சரியாயிட்டுது."

மறுநாள் ஜெபமணி வருவதற்கு முன்பே அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நெல்லைத் தப்பாப் பேச வச்சிட்டோம் ஜெபமணி. தாகம்னு சொல்ல வச்சோம். திணறுதுன்னு சொல்ல வைக்கணும்."

"புரியல."

"தண்ணி குறைஞ்சா சிவக்கக் கூடாது. தண்ணி தேங்கினா சிவக்கணும். அப்போ என்ன செய்வாங்க?"

ஜெபமணி முதல் முறையாகச் சிரிக்காமல் பேசினார். "மண்வெட்டிய எடுத்துட்டு ஓடுவாங்க. தண்ணிய வெளியேத்த."

"வெளியேத்தின தண்ணி?"

"வடிகால் வழியாத் திரும்ப வாய்க்காலுக்குப் போகும். கீழ போகும்." அவர் திரையை உயிர்ப்பித்தார். "முடியும் மேடம். வேர் தண்ணிக்குள்ள மூழ்கினா ஒரு வாயு வெளியேற வழியில்லாம வேர்லயே தேங்கும். அந்த வாயு தேங்கினா முழிச்சிக்கிற பொத்தான் ஒண்ணு நெல்லுல ஏற்கெனவே இருக்கு. அந்தப் பொத்தானோட சாயத்தச் சேக்கணும். ஆனா ரெண்டும் ஒரே தெருவுல இல்ல, வேற வேற ஊர்ல குடியிருக்கு. வேரும் கெடாம, ரெண்டும் சேந்து வர்ற செடி ஆயிரத்துல ஒண்ணுதான் கிடைக்கும்."

"முளைக்கும்போதே ஒவ்வொரு நாத்தையும் கிள்ளி வரைபடத்தோட வச்சுப் பாப்போம். விளக்கு வெளிச்சத்துல வளத்தா ஒரு வருஷத்துல அஞ்சாறு தலைமுறை எடுக்கலாம்."

"எடுக்கலாம். இன்னொண்ணு கேக்கணும்." ஜெபமணி நாற்காலியைத் திருப்பினார். "தண்ணில நின்னா நெல்லு செத்தா போகுது? காலங்காலமா நிக்கத்தானே செய்யுது. வேருக்குக் காத்து கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதுக்குப் போய்ச் சிவந்து நின்னா, அந்த சனங்களோட இரக்கத்த வச்சு நாம பொய் சொல்லி வேலை வாங்குற மாதிரி ஆகாதா?"

அந்தக் கேள்வி உலகம்மாளைத் தைத்தது. ராத்திரி முழுக்க அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் அதுதான். ஆவுடைத்தங்கத்தின் பதறிய முகம் கண் முன்னால் வந்து நின்றது.

"உள்ளதச் சொல்லிட்டுத்தான் விதை கொடுப்பேன்" என்றாள். "சொல்லிக் கொடுத்தும் அவங்க வேண்டாம்னா, என் அண்ணன் தகடு நடட்டும்."

இரண்டு வருஷம் ஓடிற்று. விளக்கு எரியும் அறைகளில் நாற்று மேல் நாற்றாக வந்து போயிற்று. சில செடிகளுக்குச் சாயம் வந்தது, வேர் வரவில்லை. சிலதுக்கு வேர் வந்தது, கதிரில் பாதி பதர். ஒன்று தண்ணீர் இருந்தாலும் சிவந்தது, இல்லாவிட்டாலும் சிவந்தது. ஜெபமணி அதற்குத் தன் மாமியார் பெயரை வைத்தார். தருவைப்பட்டியில் கறுப்புத் தகடுகள் அண்ணன் வயலின் வரப்பு வரை வந்து நின்றன. கம்பெனி ஆள் ஒருமுறை பேனாவோடு வந்தபோது, முப்பிடாதி அவருக்கு மோர் கொடுத்து, மழையைப் பற்றி வெகுநேரம் பேசி, பேனாவைத் திறக்க விடாமலே அனுப்பி வைத்தாள்.

பிசானப் பருவ நடவு தொடங்குவதற்கு முன் உலகம்மாள் செங்கானூர்ப் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் ஊரைக் கூட்டினாள். இந்த முறை படம் எதுவும் போடவில்லை.

"இது புது நெல்லு. வயல்ல தண்ணி தேங்கினா சிவக்கும். வலிக்குதுன்னு அர்த்தம் இல்ல. செத்துப்போகப் போகுதுன்னும் அர்த்தம் இல்ல. தண்ணி கூடிட்டுதுன்னு உங்களுக்குச் சொல்ற மாதிரி நான்தான் செஞ்சிருக்கேன். நீங்க தண்ணிய வச்சுக்கிட்டாலும் விளையும். வடிச்சு விட்டாலும் மண்ணுக்குள்ள ஈரம் இருக்கும், விளையும். வடிச்சா கீழ இருக்கிறவங்களுக்குப் போகும், அதுக்குத்தான் இவ்வளவும். வயல் காஞ்சு கிடந்தா களை கூடுதலா முளைக்கும், அதையும் சொல்லிர்றேன். எடுக்க ஆள் வேணும். எல்லாம் தெரிஞ்சு விருப்பம் இருந்தா விதை வாங்குங்க."

எல்லோரும் போன தடவை போலவே தலையாட்டினார்கள். ஆவுடைத்தங்கம் மட்டும் கேட்டாள். "ஏன் டாக்டரம்மா, சிணுங்கி கேக்கப்போ நாங்க ஓடினோம்னுதான இப்பிடி மாத்திட்டிய?"

"ஆமா யக்கா."

"கோபமா எங்க மேல?"

"கோபமா? நீங்க கொஞ்சம் மோசமான ஆளுங்களா இருந்திருந்தா எனக்கு ரெண்டு வருஷம் மிச்சமாயிருக்கும்."

கூட்டம் சிரித்தது. ஆவுடைத்தங்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். விதை மூட்டைகள் அன்றே தீர்ந்துபோயின.

நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த சமயத்தில், பழக்க தோஷத்தில் எல்லோரும் தண்ணீரைக் கட்டி நிறுத்தினார்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் செங்கானூர் வயல்வெளி முழுக்க நாவல்பழ நிறத்துக்கு மாறியது. உலகம்மாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவதற்குள் ஆவுடைத்தங்கத்தின் குரல் ரோடு வரை கேட்டது.

"வெட்டி விடுங்கன்னா! அங்கன நின்னு வேடிக்கை பாக்கிய? மூச்சு முட்டி நிக்கி, பாவம்!" புருஷனைத்தான் விரட்டிக்கொண்டிருந்தாள். அவர் வடிகால் பக்கத்து வரப்பை வெட்டிக்கொண்டே, "டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாவ, அதுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு" என்று முனகினார்.

"சொன்னாவ. எனக்கும் காது கேக்கும். அதுக்காக இப்பிடி விட்டுட்டு இருக்கவா?"

உலகம்மாள் வரப்பில் நின்று பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஆண்களும் பெண்களும் வரப்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். போன தடவை தண்ணீரை உள்ளே விட ஓடிய அதே ஆட்கள், அதே அவசரம். ஊருக்கு வெளியே போயிருந்தவரின் வயலையும் யாரோ வடித்துக்கொண்டிருந்தார்கள். வடிகாலில் தண்ணீர் பழுப்பாகச் சுழித்துக்கொண்டு கொம்புக்காலில் இறங்கியது. சாயங்காலத்துக்குள் புது நெல்லுக்குத் திணறி என்று பெயரும் வந்துவிட்டது.

களை நிறையத்தான் முளைத்தது. ஆவுடைத்தங்கம் அதற்காக உலகம்மாளை வாய்க்கு வந்தபடி திட்டினாள். தண்ணீர் நிற்காததால் ஊரில் தவளைச் சத்தம் குறைந்துபோய்விட்டது, சாயங்காலமானால் என்னவோ போலிருக்கிறது என்றும் குறைபட்டாள். எதையும் இழக்காமல் எதையும் மிச்சம் பிடிக்க முடிவதில்லை என்று உலகம்மாளுக்குத் தெரியும். ஆனால் ஒருநாள் ஆவுடைத்தங்கம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு வெட்கத்தோடு ஒரு விஷயம் கேட்டாள்.

"அந்தக் குருத்து விடுவாங்களே கடைமடைக்கு... அத எத்தனை முடிச்சுப் போடணும்? எங்க வீட்டு ஆம்பிளைகளுக்கு மறந்துட்டு. வயல் நிறைஞ்சாத்தான் விடுவோம், இப்போ வயல் காலியாத்தான் கிடக்கு. ஆனா எங்களுக்குப் போதும்தானே?"

"எனக்கும் தெரியாது யக்கா. ஒண்ணு போடுங்க. மஞ்சள் இருந்தா போதும்."

குருத்து தருவைப்பட்டி மடையில் வந்து ஒதுங்கியபோது அதை முதலில் பார்த்தது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி. அவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது. அவள் போட்ட கூச்சலில் ஊர் திரண்டது. சிவனணைந்தான் வேலைக்குப் புறப்பட்ட சட்டையோடு வந்து நின்றான். குருத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மடைப்பலகை இறுகிப்போயிருந்தது, நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. அன்று அவன் வேலைக்குப் போகவில்லை.

உலகம்மாள் மறுநாள் விதை மூட்டையோடு போனாள். வாய்க்காலில் தண்ணீர் இருக்கும்போதே நடவு முடிந்துவிட்டால், பிந்திய பட்டமாக இருந்தாலும் ஒரு போகம் எடுத்துவிடலாம். முப்பிடாதி மூட்டையைப் பார்த்தாள்.

"இது எது, திணறியா?"

"ஆமா மதினி. தண்ணி தேங்கினா சிவக்கும்."

"எனக்கு இது வேண்டாம். முதல்ல ஒண்ணு வச்சிருந்தியே, கேக்கது. அதக் கொடு."

"மதினி, அது நுனி சிவந்த உடனே தண்ணிய விட்டுருவீங்க. செங்கானூர்ல அதான் நடந்துச்சு."

"விடுவோம்." முப்பிடாதி மடைப்பக்கம் பார்த்தாள். "இத்தனை வருஷமா இந்த வயல்ல பயிர் ஒண்ணும் வாய் விட்டுக் கேக்கல, அப்படியே கருகிச்சு. கேட்டிருந்தாலும் கொடுக்க எங்ககிட்ட என்ன இருந்துச்சு? இப்போ இருக்கு உலகு. கேக்கட்டும். எனக்கு அது கேக்கணும்."

உலகம்மாள் ஒரு விஞ்ஞானியாக அவளிடம் சொல்ல வேண்டிய நியாயங்கள் எத்தனையோ இருந்தன. அவற்றை விட்டுவிட்டாள். "கழுத்து வரைக்கும் வரணும், அப்போதான் விடணும். சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

"நான் பண்றேன்" என்றான் அண்ணன். "மதினிய நம்பாத. என்னை நம்பு."

ஆய்வு நிலையத்தில் மிச்சமிருந்த சிணுங்கி விதை தருவைப்பட்டிக்குப் போயிற்று. அங்கேயும் அளவுக் கருவி பதித்தார்கள். தகடுகளுக்கு நடுவில் அண்ணனுடைய வயல் ஒரு பச்சைப் பாயாக விரிந்தது. செங்கானூரில் குறைந்த தவளைகள் இங்கே வந்து சேர்ந்திருந்தன. அவள் அதை ஆவுடைத்தங்கத்துக்குப் போன் பண்ணிச் சொன்னபோது, "சவம், அங்கனயாச்சும் கத்தட்டும்" என்று அவள் நிம்மதியாகச் சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உலகம்மாள் ஊருக்குப் போனபோது வீடு பூட்டியிருந்தது. இரண்டு பேரும் வயலில் இருந்தார்கள். அண்ணன் மடைக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். மதினி அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சண்டை முடிந்து பேச்சு நின்றுபோன கோலம்.

"நேத்துலேருந்து என்கிட்டப் பேசல" என்றான் அண்ணன். "திறக்கச் சொல்லுதா. நான் சத்தியம் பண்ணியிருக்கேன்லா? கழுத்து வரட்டும்னு நீதான சொன்ன? பாரு, இன்னும் பாதிக்குக்கூட இறங்கல." அவன் குரலில் உறுதி இருந்தது. கண் மட்டும் பயிர்ப்பக்கம் திரும்பவே இல்லை.

உலகம்மாள் வயலைப் பார்த்தாள். ஆயிரம் ஆயிரம் பச்சை இலைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் லேசாகச் சிவப்பு. காற்று அடித்தபோது எல்லாம் ஒன்றாக அவள் பக்கம் சாய்ந்தன. சாயம் எங்கிருந்து வருகிறது, எந்தப் பொத்தான் அதை முடுக்கியது, வேர் இப்போது எவ்வளவு ஆழத்தில் ஈரம் குடித்துக்கொண்டிருக்கிறது எல்லாம் அவளுக்குத் தெரியும். இன்னும் நாள் இருக்கிறது. பயிருக்கு ஒன்றும் ஆகாது. இதையெல்லாம் படம் போட்டு ஊருக்கு விளக்கியவளே அவள்தான். வாய்க்காலில் தண்ணீர் விளிம்பு தட்டி நின்றது.

அவள் செருப்பைக் கழற்றினாள். வரப்பிலிருந்து இறங்கி, மடைப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள்.

"ஏட்டி, என்ன செய்யுத!" என்றான் அண்ணன்.

முப்பிடாதி திரும்பிப் பார்த்தாள். எழுந்து வந்து, பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் உள்ளே பாய்ந்து, காய்ந்த வெடிப்புகளில் குமிழியிட்டு இறங்கியது. அண்ணன் அப்போதுதான் பயிரைத் திரும்பிப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஜெபமணி.

"மேடம், தருவைப்பட்டி கருவி திடீர்னு தண்ணி காட்டுது. கழுத்து வரைக்கும் வந்திட்டா?"

"வரல."

"அப்போ யாரு திறந்தது? காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, என்ன எழுத?"

உலகம்மாள் கால் மேல் ஓடிய தண்ணீரைப் பார்த்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"ஆய்வாளரோட தப்புன்னு எழுதுங்க ஜெபமணி" என்றாள். "பெயரையும் போட்டுருங்க."